மூன்று கால் இரும்புச் சட்டி: குளிர்காலத்துக்கு வாங்கலாமா, எதை அதில் சமைக்கக் கூடாது

தென்னாப்பிரிக்காவில் ஜூன் பிறந்ததும் குளிர் தொடங்குகிறது. டர்பனில் அது தாங்கக்கூடிய குளிர்: விடியற்காலையில் 11, 12 டிகிரி, நண்பகலில் 23 வரை ஏறிவிடும். ஜோகன்னஸ்பர்க் பக்கம், லெனேசியா போன்ற இடங்களில், இரவில் 4 டிகிரிக்கும் கீழே இறங்கி முற்றத்துப் புல்லின்மேல் உறைபனி படிந்துவிடும். டர்பனில் மாலை 5 மணி தாண்டியதுமே இருட்டு. ஜூன் 16 இளைஞர் நாள் விடுமுறை, அதையடுத்துப் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை, ஜூலை முதல் சனிக்கிழமை டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம், ஜூலை நடுவில் ஆடி பிறந்து மாரியம்மன் கூழ் என்று வீட்டில் ஆள் கூடுவதும் இந்தக் காலத்தில்தான். அப்போதுதான் எல்லோரும் போய்க்கி எனப்படும் மூன்று கால் வார்ப்பிரும்புச் சட்டியைத் தேடிக் கடைக்குப் போகிறார்கள்.

இது நல்ல பொருள்தான். ஆனால் கடையில் வாங்கிய கையோடு அடுப்பேற்றக்கூடியது அல்ல. எல்லாச் சமையலுக்கும் ஏற்றதும் அல்ல. எலும்போடு கூடிய கறி, பீன்ஸ், பருப்பு, பூசணி ஆகியவற்றுக்கு இதற்கு இணை கிடையாது. புளி விட்ட குழம்புக்கும் ஆடிக் கூழுக்கும் இது தவறான பாத்திரம். தமிழ்ச் சமையலில் பாதி புளியும் தக்காளியும் என்பதால், இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு வாங்குவது அவசியம்.

முதலில் அளவு. சட்டியின் உடலிலோ மூடியிலோ ஓர் எண் வார்க்கப்பட்டிருக்கும். 1ஆம் எண் ஏறக்குறைய 3 லிட்டர், 2ஆம் எண் 6 லிட்டர், 3ஆம் எண் 8 லிட்டர் கொள்ளும். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பார்க்கும் 25ஆம் எண் 70 லிட்டர் அளவு. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சற்றுக் கூடும், குறையும். விளிம்பு வரை நிரப்பக் கூடாது. மூன்றில் இரண்டு பங்குதான் பயன்படும் கொள்ளளவு. அந்தக் கணக்கில் 3ஆம் எண்ணில் 5 லிட்டர் கறி வரும்; சோற்றோடு 10 பேர் சாப்பிடலாம். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 2ஆம் எண் போதும்.

பெரியதாக வாங்கிவைத்தால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நினைத்துப் பலர் 3, 4 எண்களை வாங்குகிறார்கள். அது சரியாக வருவதில்லை. பாதிக்கும் கீழே நிரப்பிச் சமைத்தால் குழம்புக்கு மேலே தெரியும் வெற்றுச் சுவர் அளவுக்கு மீறிச் சூடாகும்; அதில் தெறித்து ஒட்டும் மசாலா கருகி மறுபடி குழம்பில் விழும்; தண்ணீரும் சீக்கிரம் சுண்டும். எடையையும் யோசிக்க வேண்டும். 3ஆம் எண் வெறுஞ்சட்டியே மூடியோடு 10 கிலோவைத் தாண்டும். கறியோடு தூக்க இரண்டு பேர் வேண்டும். வயதானவர்கள் தனியாகச் சமைக்கும் வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடையில் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஒரே எண், ஒரே பெயர் போட்ட இரண்டு சட்டிகளுக்குள்ளேயே வார்ப்பு வேறுபடும் என்பதால் அடுக்கின் மேலே இருப்பதை அப்படியே எடுத்து வராமல் இரண்டு மூன்றை இறக்கிப் பாருங்கள். சமதளத்தில் வைத்தால் சட்டி சாயாமல் நேராக நிற்க வேண்டும். சட்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் குழம்பும் ஒரு பக்கமே வேகும். மூடியை மெல்லச் சுற்றிப் பாருங்கள். எங்காவது ஆடினால் அந்த இடுக்கின் வழியே சமைக்கும் நேரம் முழுதும் ஆவி போகும். கம்பிக் கைப்பிடி நுழையும் இரண்டு காதுகளும் தடிமனாக, விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் முழு எடையையும் தாங்குவது அவைதான். உள்ளே விரல் விட்டுத் தடவினால் மணல் போன்ற சொரசொரப்பு இருக்கும், அது பரவாயில்லை. ஊசித்துளை போன்ற குழிகள் இருந்தால் வேண்டாம். கடைசியாகச் சட்டியைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக் கரண்டியால் தட்டுங்கள். மணிபோல ஒலித்தால் நல்ல வார்ப்பு. மந்தமாகத் ‘தட்’ என்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம்.

மிகவும் மலிவான சட்டிகளில் சுவரின் தடிமன் சீராக இருக்காது. மெல்லிய பக்கம் முதலில் கருகும்.

இனிப் பழக்குவது. இதில் அவசரப்படுபவர்கள்தான் பின்னால் ‘சட்டி கறுப்பு விடுகிறது, இரும்பு வாடை வருகிறது’ என்று ஓரத்தில் தூக்கி வைக்கிறார்கள். புதுச்சட்டி துருப் பிடிக்காமல் கடை சேருவதற்காக உள்ளும் புறமும் மெழுகோ எண்ணெய்ப் பூச்சோ தடவியிருப்பார்கள். வார்ப்பின் கரித்தூளும் உள்ளே ஒட்டியிருக்கும். முதலில் கம்பி நாரும் சுடுதண்ணீரும் சோப்பும் கொண்டு உள்ளே நன்றாகத் தேய்க்க வேண்டும். சொரசொரப்பு அதிகமென்றால் முரட்டு உப்புத்தாளால் தேய்த்து மழுக்கலாம். பிறகு முக்கால் சட்டி தண்ணீர் விட்டு, உருளைக்கிழங்குத் தோல், வெங்காயத் தோல், முட்டைக்கோசின் வெளி இலை என்று கையில் இருக்கும் கழிவுகளைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு வெளியே கொட்டுங்கள். முதல் தண்ணீர் கறுப்பாக வரும். அந்தக் கறுப்பு வடியும் வரை திரும்பச் செய்ய வேண்டும்.

அதன்பின் தீயில் ஈரம் முழுதும் போகக் காய வைத்து, துணியில் தொட்ட சூரியகாந்தி எண்ணெயை உள்ளே, வெளியே, மூடியின் இரு பக்கமும், காலிலும்கூடத் தடவி, உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் இருப்பதே தெரியக் கூடாது. பிறகு சட்டி புகையும் வரை சூடேற்றி, புகை நின்றபின் தானாக ஆற விடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்தால் பழுப்பு, பிறகு கறுப்பு என்று ஒரு மெல்லிய பளபளப்புப் படியும். எண்ணெய் புகையும் சூட்டில் கெட்டியாகி இரும்போடு ஒட்டிய படலம் அது. இரும்பையும் குழம்பையும் பிரித்து வைப்பது அதுதான். எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் காய்ச்சினால் படலம் கெட்டியாகாது, பிசுபிசுவென்று நின்று பிறகு செதில் செதிலாக உரியும். வாங்கிய அன்றே விருந்து வைக்காமல் குறைந்தது ஒரு வாரம் முன்னால் வாங்குங்கள். முதல் இரண்டு மூன்று சமையல் எண்ணெயும் கொழுப்பும் கூடியதாக, தக்காளி இல்லாததாக இருந்தால் படலம் இன்னும் உறுதிப்படும்.

இந்தச் சட்டியின் அருமை தெரிய வேண்டுமானால் ஆட்டுக்காலும் ஷுகர் பீன்ஸும் (புள்ளி போட்ட உலர்ந்த பீன்ஸ் விதை) சமைத்துப் பார்க்க வேண்டும். டர்பன் தமிழ் வீடுகளில் குளிர்காலம் என்றாலே இந்தக் கறிதான். 3ஆம் எண் சட்டிக்கு 8 ஆட்டுக்கால், 500 கிராம் பீன்ஸ், 2.5 லிட்டர் தண்ணீர் சரியான அளவு. பீன்ஸை முந்தின இரவே நிறையத் தண்ணீரில் ஊறப்போட்டு, 10 மணி நேரம் கழித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கால்களைத் தீயில் வாட்டிச் சுரண்டி, ஒவ்வொன்றையும் மூன்று துண்டாகக் கடையிலேயே வெட்டி வாங்குங்கள். வீட்டுக் கத்தியால் வெட்டினால் எலும்புச் சில்லு கறியில் போகும். தனிப் பாத்திரத்தில் 10 நிமிடம் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரையும் கொட்டினால் முடி வாடையும் நுரையும் போய்விடும்.

சட்டியில் 100 மில்லி எண்ணெய், இரண்டு துண்டு பட்டை, இரண்டு பிரிஞ்சி இலை, ஒரு டீஸ்பூன் சோம்பு, நறுக்கிய பெரிய வெங்காயம் இரண்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. வெங்காயம் பொன்னிறமானதும் இரண்டு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது. அடுத்து மசாலா போடும் இடத்தில்தான் பலருக்குத் தவறிப்போகிறது. அலுமினியப் பாத்திரத்தில் தீயைக் குறைத்தால் சூடு உடனே இறங்கும். இரும்பு இறங்காது. தணலை ஓரத்துக்கு இழுத்து இரண்டு நிமிடம் பொறுத்து, கால் கப் வெந்நீர் தெளித்த பிறகே நான்கு மேசைக்கரண்டி மசாலாவும் ஒரு டீஸ்பூன் மஞ்சளும் போட வேண்டும். இல்லாவிட்டால் பத்து விநாடியில் மசாலா கசந்துவிடும். பிறகு என்ன சேர்த்தாலும் அந்தக் கசப்பு போகாது.

கால்களைப் போட்டுப் பிரட்டி, 2.5 லிட்டர் வெந்நீர் விட்டு, மூடி, ஒன்றரை மணி நேரம் தனியாக வேக விடுங்கள். பிறகு பீன்ஸ். போட்டதும் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதித்தாக வேண்டும். இந்த இனத்துப் பீன்ஸில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. நல்ல கொதியில்தான் அது அழியும். வெறும் மெல்லிய சூட்டில் நீண்ட நேரம் வைத்தால் பீன்ஸ் மென்மையாகத் தெரியும், ஆனால் சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். கொதி வந்தபின் தணலைக் குறைத்து இன்னும் ஒன்றரை மணி நேரம். தக்காளி மூன்று, கடைசி அரை மணியில்தான். முன்பே போட்டால் அதன் புளிப்பில் பீன்ஸ் தோல் இறுகி வேகாமல் நிற்கும். உப்புக்கு அப்படி ஒரு தடையும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

ஆப்பிரிக்கானர்கள் (டச்சு வழிவந்த வெள்ளையர்) போய்க்கியை அடுக்கி வைத்து, கிளறவே கூடாது என்பார்கள். அவர்களுடைய சமையலுக்கு அது சரி. நம் கறியில் மசாலா முதலிலேயே வதங்க வேண்டும், பீன்ஸின் மாவு அடியில் படியும். ஆகவே அரை மணிக்கு ஒருமுறை மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக் கிளறத்தான் வேண்டும். சட்டியின் அடி உருண்டையானதால் எல்லாம் நடுக்குழியில் இறங்கி நிற்கும். தட்டையான விளிம்புள்ள கரண்டி அங்கே எட்டாது. முனை உருண்ட மரக்கரண்டி ஒன்று சட்டியோடு சேர்த்தே வாங்குங்கள்.

நேரக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். டர்பன் கடல் மட்டம், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல். அங்கே ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது, ஆவிதான் கூடும். டர்பன் அத்தையின் கணக்கை வைத்து லெனேசியாவில் சமைப்பவர்கள் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை கூட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீரும் அரை லிட்டர் கூடுதலாகப் பிடிக்கும். கனமான மூடி ஆவியை ஓரளவு தடுத்தாலும் இது பிரஷர் குக்கர் ஆகாது.

இடையில் தண்ணீர் குறைந்தால் வெந்நீரே ஊற்ற வேண்டும். சூடேறிய வார்ப்பிரும்பில் பச்சைத்தண்ணீர் பட்டால் விரிசல் விடும். உறைந்த கறியை நேராகப் போடுவதும் அப்படியே. உறைபனி விழுந்த காலையில் வெளியே கிடந்த சட்டியை எடுத்துக் கொழுந்துவிட்டு எரியும் தீயில் வைப்பது இதைவிட மோசம். முதலில் உள்ளே கொண்டுவந்து வைத்து, பிறகு சிறுதீயில் பத்து நிமிடம் காட்டி, அதன் பிறகே பெருந்தீ. குளிர்காலத்தில் உடையும் சட்டிகளில் பல இப்படித்தான் உடைகின்றன.

இந்தச் சட்டிக்கு ஆகாத சமையலில் முதலாவது புளிக்குழம்பு. குளிர்காலம், டர்பன் இருக்கும் நெட்டால் கடற்கரைக்கு மத்தி மீன் வரும் காலம். ஜூன், ஜூலையில் தென்கரையோரம் மீன் கூட்டம் வந்ததும் பெட்டி பெட்டியாக வாங்கிப் புளிவிட்டுக் குழம்பு வைப்பது வழக்கம். அதை இந்தச் சட்டியில் வைத்தால் புளி படலத்தைக் கரைத்து இரும்பைத் தின்னும். குழம்பு கறுத்து, நாக்கில் காசைச் சப்பியது போன்ற சுவை வரும். மீன் வாடையும் படலத்தில் ஏறி அடுத்த இரண்டு சமையலுக்கு நிற்கும். ரசமும் அதே கதைதான். மண்சட்டி அல்லது எவர்சில்வர் பாத்திரம் இதற்கெல்லாம் போதும். தக்காளி சேர்ந்த கறியை மேலே சொன்னபடி கடைசி அரை மணியில் முடித்து, உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் கெடுதல் இல்லை. கீரை வகைகளும் இரும்பில் கறுக்கும்; உடம்புக்குத் தீங்கில்லை, பார்வைக்குத்தான் நன்றாக இராது.

இரண்டாவது ஆடிக் கூழ். இங்கே மாரியம்மனுக்குக் கூழ் வெள்ளை மக்காச்சோள மாவிலும் மாஸ் எனப்படும் புளித்த பாலிலும் செய்யப்படுகிறது. மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைக்கும் வீடுகளும் பல. புளித்த மாவு அமிலம். இரும்பில் காய்ச்சினால் வெண்மை போய்ச் சாம்பல் நிறமாகும். அம்மனுக்குப் படைக்கும் கூழ் அப்படி இருக்கக் கூடாது. எவர்சில்வர் அண்டாவில் காய்ச்சுங்கள். வீட்டு அளவுக்கு 1 கிலோ மாவை 2 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து மூடி வைக்கலாம். டர்பனில் ஓரிரவில் புளித்துவிடும். ஜோகன்னஸ்பர்க் குளிரில் இரண்டு இரவு வேண்டியிருக்கும்; போர்வை சுற்றி, சமையலறையில் சூடான மூலையில் வைப்பது உதவும். 4 லிட்டர் தண்ணீர் கொதித்ததும் கரைசலை ஊற்றி, கட்டி விழாமல் 30, 40 நிமிடம் கிண்டி இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபிறகு 2 லிட்டர் மாஸ் சேர்க்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கச் சேர்த்தால் மாஸ் திரிந்து நீர் பிரியும்.

கூழோடு வைக்கும் பூசணிக்காய்க் கறிக்கும் பருப்புக்கும் இரும்புச் சட்டி மிகப் பொருத்தம். ஆனால் அங்கே இன்னொரு தடை உண்டு. கறி சமைத்துப் பழகிய சட்டியின் படலமே கொழுப்பால் ஆனது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது, போகவும் கூடாது. அந்தச் சட்டியில் சாமிக்குப் படைப்பது சைவமாகாது. புரட்டாசி முழுதும் கறி தவிர்க்கும் வீடுகளுக்கும், தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும். ஆகவே 3ஆம் எண் ஒன்று கறிக்கு, 2ஆம் எண் ஒன்று சைவத்துக்கு என்று தனித்தனியாக வைத்துக்கொள்வதே முறை. இரண்டாவதை ஆரம்பத்திலிருந்தே தாவர எண்ணெயில் மட்டும் பழக்குங்கள். கைப்பிடியில் மஞ்சள் துணி ஒன்று முடிந்து வைத்தால் விருந்துக்கு உதவ வருபவர்கள் மாற்றி எடுக்க மாட்டார்கள். ஒரு சட்டிக்குத்தான் வசதி என்றால், சைவச் சட்டியாகவே வைத்துக்கொண்டு கறியைப் பிரஷர் குக்கரில் செய்யச் சொல்வேன்.

பிரியாணிக்கு மூன்று கால் சட்டியைப் பலர் பாராட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உருண்டை அடியில் கறியும் மசூர்ப் பருப்பும் நடுவே குவிந்து, அந்தக் குழி கருகும்போது ஓரத்து அரிசி அரைவேக்காடாக இருக்கும். தட்டையான அடியும், விளிம்பு உயர்ந்த மூடியும் கொண்ட இரும்புப் பாத்திரம் இதற்கென்றே விற்கிறது. அதன் மூடிமேல் ஏழெட்டுத் தணல் வைத்தால் மேலிருந்தும் சூடு இறங்கித் தம் சரியாக அமையும். மூன்று கால் சட்டியின் மூடி குவிந்திருப்பதால் தணல் சரிந்துவிடும். தட்டை அடிப் பாத்திரம் இண்டக்‌ஷன் அடுப்பிலும் வேலை செய்யும். கண்ணாடி மேற்பரப்பில் இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் கீறல் விழும்.

விறகு விஷயத்தில் நெட்டாலில் வாட்டில் எளிதாகக் கிடைக்கிறது, நன்றாகத் தணல் தரும். செகல்போஸ் இன்னும் கடினமான மரம், நீண்ட நேரம் நிற்கும். பச்சை நிறம் ஏறிய பழைய வேலிக்கம்பங்களையும் கட்டடப் பலகைகளையும் எரிக்கவே கூடாது. பூச்சி அரிக்காமலிருக்க ஏற்றிய மருந்தில் ஆர்சனிக் இருக்கும், புகையிலும் சாம்பலிலும் அது வரும். பிரிக்கெட் கரி என்றால் 3ஆம் எண்ணுக்கு முதலில் 12 முதல் 15 துண்டு. கொதி வந்தபின் அடியில் ஐந்தாறு போதும். பக்கத்தில் சிறு தீ ஒன்று எரிய விட்டு முக்கால் மணிக்கு ஒருமுறை மூன்று நான்கு தணல் எடுத்து வையுங்கள். பச்சைக் கரியை நேராக அடியில் தள்ளினால் சூடு விழுந்து மீண்டும் ஏற நேரம் பிடிக்கும். மாடி வீடுகளில் காஸ் வளைய அடுப்பே வழி. அதில் கால்கள் வளையத்துக்கு வெளியே தரையில் நிற்க வேண்டும், சுடர் நடுவில் மட்டும் பட வேண்டும். காற்று அடித்தால் ஒரு தகரத் தடுப்பு.

சமையல் முடிந்ததும் மிச்சத் தணலைக் குளிருக்காக அறைக்குள் கொண்டுபோகும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவு, சன்னல் சாத்திய அறையில் தூங்குபவர்கள் விழிக்காமலே போய்விடுவார்கள். புகை இல்லாத தணல் பாதுகாப்பானது என்பது தவறான நம்பிக்கை. தண்ணீர் ஊற்றி அணைத்து, வெளியிலேயே விடுங்கள்.

மாற்றுப் பொருள்களோடு ஒப்பிட்டால், வேலை நாள் மாலைக்குப் பிரஷர் குக்கர்தான் வெல்லும். ஆட்டுக்காலும் ஊறிய பீன்ஸும் முக்கால் மணியில் வெந்துவிடும், உயரமான ஊரிலும் வேகம் அவ்வளவாகக் குறையாது. சுண்டிக் கெட்டியாகும் அந்தக் குழம்பு மட்டும் கிடைக்காது. இன்னொன்று சாரா காலின்ஸ் 2008இல் தென்னாப்பிரிக்காவில் உருவாக்கிய வொண்டர்பேக்: கொதித்த பாத்திரத்தை உள்ளே வைத்துக் கட்டினால் அடுப்பில்லாமல் மணிக்கணக்கில் வேகும் துணிப்பை. மின்சாரம் நிற்கும் நாட்களுக்கும் காஸ் மிச்சத்துக்கும் நல்லது. அதற்குள் மூன்று கால் சட்டி ஆகாது. கால் துணியைக் குத்தும், தணலிலிருந்து எடுத்த இரும்பின் சூடு பையைக் கருக்கும். சாதாரணத் தட்டை அடிப் பாத்திரம் வைத்து, பீன்ஸாக இருந்தால் பையில் வைக்கும் முன்பே 20, 30 நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, சாப்பிடும் முன் மறுபடி கொதிக்க விடுங்கள்.

சாப்பாடு முடிந்ததும் மிச்சக் கறியைச் சட்டியிலேயே விட்டு மூடி வைப்பதில் இரண்டு தவறு. புளிப்பும் உப்பும் இரவெல்லாம் படலத்தை அரிக்கும். அத்தோடு, 5 லிட்டர் குழம்பைக் கனமான இரும்பு நள்ளிரவு தாண்டியும் வெதுவெதுப்பாகவே வைத்திருக்கும். கிருமி பெருக அதைவிட ஏற்ற சூடு இல்லை. வெளியே குளிர் 3 டிகிரி என்றாலும் சட்டிக்குள் அப்படி இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான, ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

கழுவுவது எளிது. சூடு ஆறிக்கொண்டிருக்கும்போதே வெந்நீர் விட்டு மரக்கரண்டியால் சுரண்டி, மென்மையான நாரால் தேய்த்தால் போதும். ஒரு துளி சோப்புப் படலத்தைக் கெடுக்காது, ஊறவைப்பதுதான் கெடுக்கும். அடிப்பிடித்திருந்தால் தண்ணீர் விட்டுக் கொதிக்க வையுங்கள், தானாக எழும். உடனே அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய்ச்சி, துணியில் தொட்ட எண்ணெய் தடவித் துடைத்து, உள்ளே கசக்கிய செய்தித்தாள் வைத்து, மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காற்றுப் போக வைக்க வேண்டும். உள்நாட்டில் குளிர்காலக் காற்று வறண்டது, இது போதும். டர்பன், டொங்காட், இசிப்பிங்கோ போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று மாதம் ஒருமுறையாவது எடுத்துப் பார்க்க வைக்கும். எண்ணெய் கூடுதலாகத் தடவி மாதக்கணக்கில் மூடி வைத்தால் சிக்கு வாடை வரும். அப்போது சட்டியைப் புகையும் வரை காய்ச்சித் துடைத்து, தண்ணீரில் ஒரு கொதி விட்டுக் கொட்டினால் போதும். துரு மேலாக இருந்தால் கம்பி நாரால் தேய்த்து மறுபடி பழக்கலாம்.

புதியதைவிடப் பழையது மேல் என்பது பலர் கருத்து, அது பெரும்பாலும் உண்மைதான். வெருலம், டொங்காட், ஸ்டேங்கர் பக்கத்து வீடுகளில் தலைமுறை தாண்டிய சட்டிகள் உள்ளே கண்ணாடி போல மழமழவென்று இருக்கும். உறவினர் வீட்டிலிருந்து வருகிறதென்றால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவரிடம் வாங்கும்போது அதில் என்ன காய்ச்சினார்கள் என்று கட்டாயம் கேட்க வேண்டும். தூண்டிலுக்கு ஈயக் குண்டு வார்ப்பவர்கள் ஈயம் உருக்க இப்படிப்பட்ட பழைய இரும்புச் சட்டிகளைத்தான் எடுப்பார்கள். அடியில் வெள்ளி நிறத் திட்டோ, கத்தியால் கீறினால் மென்மையாகப் பளிச்சிடும் உலோகமோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். எந்தப் பழக்குதலும் ஈயத்தை எடுக்காது. சந்தேகமிருந்தால் அதில் செடி வையுங்கள், சமைக்காதீர்கள்.